சுரங்கம் மூடிய மண்ணில் கலை எதனால் ஆனது?

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் கடைசி நிலக்கரிச் சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல், 2018 டிசம்பர் 21 அன்று போட்ரோப் நகரில் மூடப்பட்டது. அன்றோடு கரி வெட்டுவது நின்றது. தண்ணீர் இறைப்பது நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. தலைமுறை தலைமுறையாக அடியில் குடைந்ததில் நிலம் சில இடங்களில் 25 மீட்டர் வரை உள்வாங்கியிருக்கிறது. பம்புகளை நிறுத்தினால் வட்டாரத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஏரியாகிவிடும் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. இந்தச் செலவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘முடிவில்லாக் கடமைகள்’. அதை ஏற்பதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள்.

கலையைப் பற்றிப் பேச வந்து தண்ணீரில் தொடங்கக் காரணம் இருக்கிறது. ரூரில் கரிக்குப் பின் எஞ்சியவை துருப்பிடிக்கும் இரும்பு, கழிவுப்பாறை மேடுகள், அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் நீர், காலியாகிப்போன ராட்சதக் கூடங்கள். இவற்றில் ஒன்றோடாவது நேருக்கு நேர் மல்லுக்கட்டும் படைப்புதான் அங்கே நிற்கிறது. மற்றவை பூங்காப் பொம்மைகள். ஒரு படைப்பின் முன்னால் நிற்கும்போது அதன் ‘கருத்து’ என்ன என்று தேடுவதை ஒத்திவைத்து, இது எதனால் ஆனது, இதைக் கெடுக்கப்போவது எது என்று கேட்டுப் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

நெய்வேலியைப் பார்த்த கண்ணோடு போகிறவர்கள் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பள்ளம்தான் காட்சி. ரூரின் கரியோ கருநிலக்கரி. கடைசிக் காலத்தில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் வெட்டினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது குழிவாயில் மேல் நிற்கும் சுரங்கக் கோபுரம், அதன் உச்சியில் கம்பிவடம் ஓடும் சக்கரங்கள், சுற்றிலும் கட்டடங்கள், தூரத்தில் கழிவுமேடு. அவ்வளவுதான். அந்த வட்டாரத்தின் காட்சிமொழி முழுக்க இந்தச் சில உருவங்களிலிருந்து பிறந்தது.

அந்த உருவங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பெர்ன்ட் பெஹர் (1931-2007), ஹில்லா பெஹர் (1934-2015) தம்பதி. 1959 முதல் சேர்ந்து வேலை செய்தார்கள். சுரங்கக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, குளிர்விப்புக் கோபுரம், ஊதுலை என்று வகை வகையாகப் பிரித்து, ஒரே மாதிரியான கறுப்புவெள்ளைப் படங்களாக எடுத்து, ஒன்பதோ பன்னிரண்டோ பதினைந்தோ சேர்த்துக் கட்டம் கட்டி மாட்டினார்கள். 1990இல் வெனிஸ் பியனாலே கலைக்கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, அதுவும் சிற்பத்துக்காக. புகைப்படக்காரர்களுக்குச் சிற்பப் பரிசு என்பதில் நியாயம் இருக்கிறது. 1970இல் வந்த அவர்களுடைய முதல் நூலின் பெயரே ‘பெயரில்லாச் சிற்பங்கள்’ என்ற பொருள் தருவது.

அவர்கள் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இரும்புக் கட்டுமானத்தைப் படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கேமரா 13×18 சென்டிமீட்டர் பிலிம் போடும் பெரிய வகை. கனத்த முக்காலி. வானம் மூடிய நாள் மட்டும்தான் வேலை. வெயில் அடித்தால் ஒரு கம்பியின் நிழல் இன்னொரு கம்பிமேல் விழுந்து, எது கட்டுமானம், எது நிழல் என்று பிரிக்க முடியாமல் போகும். பருவமும் முக்கியம். கோடையில் மரங்கள் இலைவிட்டு அடிப்பாகத்தை மறைத்துவிடும், ஆகவே இலை அடர்த்தியில்லாத மாதங்களில் எடுத்தார்கள். நிற்கும் இடம் தரை அல்ல. பொருளின் பாதி உயரத்துக்கு ஏணியோ சாரமோ பக்கத்துக் கட்டடமோ தேடி ஏறினார்கள். தரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எல்லாமே பிரம்மாண்டமாகத் தெரியும். அந்தப் பிரம்மாண்டம் பொருளினுடையது இல்லை, பார்ப்பவர் தாழ்வான இடத்தில் நிற்பதால் வருவது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேமராவைச் சாய்க்காமல் இருப்பது. உயரமான கோபுரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரத்தின் இருபக்கக் கோடுகளும் மேலே நெருங்கி, அது பின்னால் விழுவதுபோல் ஆகிவிடும். பெரிய கேமராவில் பின்பலகையை நிமிர்ந்தபடி வைத்து லென்ஸ் இருக்கும் முன்பலகையை மட்டும் மேலே தூக்கலாம். போனில் அது முடியாது. மாற்று வழி தள்ளி நிற்பதுதான். எஸ்ஸன் நகரின் ட்ஸோல்ஃபெரைன் சுரங்கத்தில் 12ஆம் குழிக் கோபுரம் 55 மீட்டர். சாதாரண போனின் முதன்மை லென்ஸில், போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து, துளியும் சாய்க்காமல் உச்சி உள்ளே வரவேண்டுமானால் ஏறக்குறைய 80 மீட்டர் பின்னால் போக வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும். அதை வெட்டி எடுத்துவிடலாம். பலரும் செய்யும் தவறு, கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவது. கோடு நிமிரும், ஆனால் கோபுரத்தின் மேல்பகுதி இழுபட்டுச் சக்கரங்கள் முட்டை வடிவமாகிவிடும்.

இந்தப் படங்கள் வெறும் ஆவணமாக நின்றுவிடவில்லை. டார்ட்மண்டின் ட்ஸோலர்ன் சுரங்கத்தில் 1903 வாக்கில் கட்டிய இயந்திரக்கூடம் ஒன்று, வண்ணக்கண்ணாடி வாசலோடு, 1960களின் கடைசியில் இடிபடவிருந்தது. அதைக் காக்கக் கலைஞர்கள் போராடியபோது பெஹர் தம்பதியின் படங்களும் வாதமாக நின்றன. 1969 இறுதியில் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. ஆலை என்பதும் கோயிலைப் போல, அரண்மனையைப் போலக் காக்கத்தக்கது என்று அந்த நாட்டில் அப்போதுதான் உறைத்தது.

ட்ஸோல்ஃபெரைனுக்கு வருவோம். ஃபிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த 12ஆம் குழி 1932இல் ஓடத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 12,000 டன் வரை மேலே வந்தது. 1986இல் மூடியது, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்களின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். எஃகுச் சட்டங்களால் கட்டம் போட்டு, கட்டங்களுக்குள் செங்கல்லை ஒற்றை வரிசையாக, ஒரு சாணுக்கும் குறைந்த தடிமனில் நிரப்பியிருக்கிறார்கள். சுமையைத் தாங்குவது உள்ளே நிற்கும் எஃகுக் கூடு. சுவர் வெறும் போர்வை. இயந்திரம் மாறினால் சுவரைப் பிரித்துவிட்டு மறுபடி மூடலாம் என்ற கணக்கு. பழுதும் அங்கேதான் தொடங்குகிறது. எஃகு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த எஃகு செங்கல்லை வெளியே தள்ளும், பூச்சு விரியும், விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும். உள்ளே இயந்திரம் ஓடியவரை வெப்பமும் ஆள்நடமாட்டமும் இருந்தன. இப்போது அருங்காட்சியகம் என்றால் குளிர் தாங்க வேண்டும், ஈரம் சேரக்கூடாது. இத்தனை மெல்லிய சுவருக்கு அது முடியாத காரியம். வெப்பக்காப்பு சேர்த்தால் சுவர் தடித்து அதன் அழகே போய்விடும். பழைய ஆலையைக் காப்பதில் உள்ள எல்லாச் சண்டையும் இந்தச் சில சென்டிமீட்டரில் அடக்கம்.

அங்கே கரி கழுவும் கூடம் இப்போது ரூர் அருங்காட்சியகம். ரெம் கூல்ஹாஸின் கட்டடக்கலை நிறுவனம் செய்த வடிவமைப்பில் வெளியே 58 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு, 24 மீட்டர் உயரத்தில் வாசல். மேலே போய்த்தான் கீழே இறங்க வேண்டும். கரியும் அப்படித்தான் பட்டையில் மேலே ஏறி, கழுவப்பட்டுக் கீழே இறங்கியது. உள் படிக்கட்டில் ஆரஞ்சு வெளிச்சம், உருகிய எஃகு ஓடுவதுபோல. அந்த வெளிச்சம்தான் எல்லோருடைய படத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது வளாகத்தின் ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கட்டடம். ஜப்பானின் சானா கட்டடக்கலை நிறுவனம் 2006இல் முடித்தது. சுமார் 35 மீட்டர் கனசதுரம், ஒழுங்கில்லாமல் சிதறிய சதுர ஜன்னல்கள், சுவர் 30 சென்டிமீட்டர் கான்கிரீட். ஜெர்மன் குளிருக்கு அது போதாது. ஆனால் பக்கத்திலேயே சுரங்க நீரை ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்துக்கொண்டிருந்தார்கள், 30 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பில். அந்தச் சூட்டைக் குழாய் வழியாகச் சுவருக்குள் ஓட விட்டார்கள். முடிவில்லாக் கடமை என்று முதலில் சொன்ன தண்ணீர் இங்கே ஒரு சுவரை மெலிய வைத்திருக்கிறது. பார்வைக்கு எதுவுமே தெரியாது. தெரிந்தபின் வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

அடுத்தது மேடுகள். அங்கே ‘ஹால்டே’ என்பார்கள். பிற்காலத்தில் மேலே வந்ததில் பாதிக்கு நெருங்கிய பங்கு கரியே அல்ல, பாறை. அதைக் கொட்டிய மேடுகளில் மூன்று தலைமுறை உண்டு: கூம்பாகக் குவித்த பழையவை, மேசைபோல் தட்டையானவை, பிறகு குன்றுபோலத் திட்டமிட்டு வடித்தவை. பழைய மேடுகளில் கரித்துண்டுகள் நிறையக் கலந்து கிடந்தன. அந்தப் பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அது சூடேறும், பக்கத்துக் கரி பற்றிக்கொள்ளும், மேடு உள்ளுக்குள் ஆண்டுக்கணக்கில் எரியும். எரிந்த பாறை செங்கல் நிறமாகிவிடும். ரூரின் பழைய கால்பந்துத் திடல்கள் சிவப்பாக இருந்ததற்கு அந்தச் சாம்பல்தான் காரணம். பிற்கால மேடுகளை அடுக்கடுக்காக இறுக்கி, காற்றுப் புகாமல் செய்தார்கள். பைரைட் கரைந்து மண் அமிலமாகும், கறுப்பு மேற்பரப்பு கோடையில் கொதிக்கும், ஆகவே முதலில் வந்து பிடிப்பது பிர்ச் மரம் போன்ற சில மட்டும்.

1989 முதல் 1999 வரை கார்ல் கான்சர் தலைமையில் ரூரைப் புதுப்பிக்க நடந்த எம்ஷர் பூங்காத் திட்டம், இந்த மேடுகளின் உச்சியில் கலையை ஏற்றியது. எஸ்ஸனில் ஷூரன்பாஹ் மேட்டில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செராவின் எஃகுப் பலகை, 1998. ஏறத்தாழ 14.5 மீட்டர் உயரம், 4.2 மீட்டர் அகலம், 13.5 சென்டிமீட்டர் தடிமன், 67 டன். மேட்டின் தலையை மொட்டையாகக் கறுஞ்சல்லி விரித்து, அதன் நடுவில் இந்த ஒன்று மட்டும். சிற்றசைவும் அலங்காரமும் கிடையாது. உருட்டாலையில் வரும் எஃகுப் பாளத்தை அப்படியே நிமிர்த்தியதுதான் படைப்பு. எனக்கு ரூர் முழுவதிலும் இதற்கு ஈடு இல்லை.

இந்த எஃகு கார்ட்டன் வகை. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் மேலே படியும் துரு இறுகி, அடியில் உள்ளதைக் காக்கும். ஆனால் அதற்கு ஈரமும் உலர்வும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடத்தில், அதாவது மண்ணைத் தொடும் அடியில், தண்ணீர் தேங்கும் மூலையில், காக்கும் படலம் உருவாகாது. சாதாரண இரும்பைப் போலவே அரிக்கும். அடுத்த தொல்லை ஸ்பிரே கிறுக்கல். பலகையின் கீழ்ப்பகுதி கைக்கு எட்டும் உயரம் வரை கிறுக்கல்தான். மணல் வீசித் துடைத்தால் கிறுக்கலோடு படலமும் போய்விடும். அந்த இடம் மட்டும் வெளிறி, மறுபடி நிறம் சேர இரண்டு மூன்று ஆண்டாவது ஆகும். அதற்குள் அடுத்த கிறுக்கல் வந்துவிடும்.

போட்ரோப் மேட்டில் வோல்ஃப்காங் கிறிஸ்ட் வடிவமைத்த நான்முகி (1995) பக்கத்துக்கு 60 மீட்டர் உள்ள எஃகுச் சட்டம். 18, 32, 38 மீட்டர் உயரங்களில் பார்வைத்தளங்கள் கம்பிவடத்தில் தொங்குகின்றன. காற்றில் படிக்கட்டு ஆடும், அது கோளாறு இல்லை. மோர்ஸ் நகரின் ரைன்பிராய்சன் மேட்டில் ஓட்டோ பீனே 2007இல் வைத்த 30 மீட்டர் சுரங்க விளக்கு, இருட்டியதும் மேட்டின் சரிவையே சிவப்பாக்கும். பகலில் போனால் ஏமாற்றம். ஹானியல் மேட்டில் அகுஸ்டின் இபாரோலா நூற்றுக்கு மேற்பட்ட ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு வண்ணம் அடித்தார், 2002. பழைய ஸ்லீப்பர்களுக்கு ஊட்டும் தார் எண்ணெய் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. வண்ணத்துக்கு அடியில் இருப்பதும் கரிதான்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். ஹெர்ட்டன் பக்கம் ஹோஹெவார்ட் மேட்டில் வானத்தைப் பார்ப்பதற்கென இரண்டு பெரிய எஃகு வளைவுகள். பெரியதன் ஆரம் 45 மீட்டர். 2008 இறுதியில் திறந்தார்கள், 2009 தொடக்கத்திலேயே விரிசல் கண்டு மூடினார்கள். முட்டுக்கொடுத்து நிறுத்தி, யார் குற்றம் என்ற வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் அழகுதான். அந்த அழகு வேலி போட்ட அழகு.

இனி வெறுமை. ஓபர்ஹவுசன் எரிவாயுக் கொள்கலன் 1929இல் முடிந்தது: 117.5 மீட்டர் உயரம், 67.6 மீட்டர் விட்டம். 1988இல் வேலை முடிந்து, 1994 முதல் கண்காட்சிக்கூடம். 1999இல் கலைஞர் தம்பதி கிறிஸ்டோவும் ஜான்-கிளோடும் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை 26 மீட்டர் உயரச் சுவராக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அடுக்கினார்கள். 1958இல் தொடங்கிய கரி நெருக்கடியில் கரியை வெளியே தள்ளியது எண்ணெய். அந்தப் பீப்பாய்கள் கரிவாயுவின் கூடத்துக்குள் சுவராக வந்து நின்றதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

2013இல் கிறிஸ்டோ மட்டும் திரும்பி வந்து, உள்ளே 90 மீட்டர் உயரம், 50 மீட்டர் விட்டத்தில் ஒரு துணிப்பையை ஊதி நிறுத்தினார். 20,350 சதுர மீட்டர் துணி, 4,500 மீட்டர் கயிறு, மொத்தம் 5.3 டன். இவ்வளவையும் நிமிர்த்தியது 27 பாஸ்கல் அழுத்தம். சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. இரண்டு விசிறிகள் ஓயாமல் ஊதின. பார்வையாளர் இரட்டைக் கதவு வழியாகத்தான் நுழைய முடியும். ஒன்று மூடியபின்தான் மற்றது திறக்கும், இரண்டும் திறந்தால் காற்று போய்விடும். உள்ளே நின்றால் மூலையும் நிழலும் இல்லாத வெள்ளை. எந்தச் சுவர் எவ்வளவு தூரம் என்று கண் சொல்லாது.

அடுத்தது எல்லாப் படைப்பையும்விட எளியது. ரூர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2010 மே மாதம், 22 முதல் 30 வரை, பழைய குழிவாய் இருந்த 311 இடங்களில் மஞ்சள் பலூன்களை 80 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். கோபுரம் இடிந்து வீடும் கடையும் வந்துவிட்ட இடத்திலும் வானத்தில் ஒரு புள்ளி. பலூன் விட்டம் சுமார் 3.7 மீட்டர். கொள்ளளவு 26 கன மீட்டர், ஹீலியம் தரும் தூக்குவிசை 27 கிலோ அளவு, அதிலேயே பலூனின் எடையும் கயிறும் கழியும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அடித்தால் பக்கவாட்டு விசையும் ஏறக்குறைய அதே அளவாகி, பலூன் 45 டிகிரி சாய்ந்துவிடும். குழிக்கு நேர் மேலே நிற்க வேண்டியது பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். காற்று வலுத்தால் இறக்குவதைத் தவிர வழியில்லை. இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் துணியின் செலவைவிடக் கயிற்றருகே நிற்கும் ஆட்களை முதலில் எண்ண வேண்டும்.

இத்தனையிலும் குழிக்குள் இறங்கியவர்கள் எங்கே? ரெக்லிங்ஹவுசனைச் சேர்ந்த எரிஷ் போடெக்கர் (1904-1971) சுரங்கத் தொழிலாளி. நுரையீரலில் கல்தூசு படிந்து ஓய்வு பெற்றபின், மரத்திலும் சிமெண்டிலும் வீட்டுத் தோட்டத்துக்கு மனிதர்களையும் விலங்குகளையும் செய்யத் தொடங்கினார். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதே ஊரில் 1946-47 குளிர்காலத்தில், கணப்புக்குக் கரி இல்லாமல் ஹாம்பர்க் நாடகக்காரர்கள் லாரியோடு வந்து நின்றபோது கோனிக் லுட்விக் சுரங்கத்தார் கரி ஏற்றிக்கொடுத்தார்கள். அடுத்த கோடையில் நாடகக்காரர்கள் நன்றிக்கடனாக வந்து நடித்தார்கள். அந்த ஊர் நாடகவிழா அதிலிருந்து பிறந்தது. துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களின் முகங்கள் மட்டும் நெடுநாள் இந்தக் காட்சிமொழியில் இல்லை. துருக்கியப் புகைப்படக்காரர் எர்குன் சாத்தாய் 1990இல் எடுத்த படங்களை ரூர் அருங்காட்சியகம் 2021இல்தான் பெரிய கண்காட்சியாக வைத்தது. கோபுரங்களுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்பங்கு கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். 2018இல் கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா ஹெர்ன நகர் ஷ்ட்ரூங்கெட அரண்மனையைப் பழைய சணல் சாக்குகளால் போர்த்தினார். கொக்கோவும் கரியும் சுமந்து, கிழிந்து தைத்த சாக்குகள். சுமந்தவன் கை அதில் தெரிகிறது.

அதே ஹெர்னவில்தான் எரிசக்தி மாற்றத்தை நேரடியாகக் காட்டும் கட்டடம் இருக்கிறது. 1978இல் மூடிய மோன்-செனி சுரங்க நிலத்தில் 1999இல் எழுந்த கண்ணாடிக்கூடம், ஜூர்டா, பெரோதான் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தது. 176 மீட்டர் நீளம், 72 அகலம், 15 உயரம். முழு மரத்தண்டுகள் தூணாக நிற்கின்றன. கூரையிலும் சுவரிலும் சுமார் 10,000 சதுர மீட்டர் சூரியத் தகடுகள், உச்சத் திறன் ஒரு மெகாவாட். செல்களை எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் பதிக்கவில்லை. சில கண்ணாடியில் நெருக்கமாக, சிலவற்றில் இடைவெளிவிட்டு. உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் கூரையில் மேகம் மிதப்பதுபோல் இருக்கும். கீழே உள்ள நூலகத்துக்கு நிழல், கூடத்துக்கு வெளிச்சம், இரண்டும் அந்த மேகத்தின் கணக்கு. பழைய சுரங்கத்திலிருந்து இன்னும் கசியும் மீத்தேனையும் பிடித்து எரித்து மின்சாரமும் சூடும் எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட கூரையின் சிக்கல் செல்லின் வயதில் இருக்கிறது. 1990களின் செல் அளவும் நீலமும் இன்று சந்தையில் இல்லை. ஒரு தகடு உடைந்தால் கிடைப்பது பெரிய, கறுத்த செல். அதை அப்படியே பதித்தால் மேகத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். பொருந்த வைக்க வேண்டுமானால் அந்தப் பகுதியின் நெருக்கம், இடைவெளி, கீழே விழும் நிழல் எல்லாவற்றையும் மறுபடி வரைந்து, கண்ணாடியைத் தனியாகச் செய்து வாங்க வேண்டும்.